பெரட்டு நேரமும் கிரீன்விச் நள்ளிரவும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை நாள் இருட்டோடு தொடங்குகிறது. ஆறு மணி வாக்கில் பெரட்டு. மண்டோர் பெயர் வாசிக்க, வந்தவர் வராதவர் கணக்கு பதிவாகிறது. யார் எந்த நிரைக்கு, எந்த லோரி எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டதும் கூட்டம் கலைகிறது. முன்பு இந்தக் கணக்கு கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் மையால் எழுதப்பட்டது. இன்று பல இடங்களில் அது ஒரு கைக்கருவியில் விரல் ரேகையாகவோ அட்டைத் தட்டலாகவோ ஏறி, எங்கோ தொலைவில் இருக்கும் தரவுத்தளத்தில் சேர்கிறது. மாதக் கடைசியில் அதைச் சம்பளக் கணக்குக்காக வெளியே எடுக்க ஒரு வினவல் எழுதுகிறார்கள். அந்த வினவலில் தேதியைக் கையாளும் சில சொற்கள் உண்டு. அவை எங்கே வழி தவறும், தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைத் தோட்டம்தான், ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, இன்னும் வடக்கே சபாக் பெர்ணம் என்று எங்கு வைத்தாலும் பொருந்தும். திங்கள் முதல் சனி வரை வேலை, ஞாயிறு ஓய்வு. 2024 மார்ச் மாத வருகைப் பட்டியல் எக்செல் தாளாக வந்து சேர்கிறது. அதில் சனிக்கிழமைக் கட்டங்கள் எல்லாம் காலி. ஞாயிற்றுக்கிழமைகளிலோ முழு ஆள்கணக்கு. வினவலை எழுதிய நிரலருக்கு 2, 3, 9, 10 எல்லாம் வெறும் எண்கள், அதனால் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. பல வருடம் பெரட்டில் நின்ற ஒரு பெரியவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார்: “ஞாயித்துக்கெழம யாரு சாமி வேலைக்கு வந்தது?”

ஆட்கள் வந்தது உண்மை. நாள்தான் ஒன்று பின்னுக்குப் போயிருக்கிறது.

காரணம் இதுதான். பல தரவுத்தள அமைப்புகள் ஒரு நிகழ்வின் நேரத்தை உள்ளூர் நேரத்தில் சேமிப்பதில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நேரத்தில், யூ.டி.சி என்று சொல்லப்படும் கிரீன்விச் அடிப்படை நேரத்தில் சேமிக்கின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிரீன்விச்சில் நள்ளிரவு அடிக்கும்போது கோலசிலாங்கூரில் காலை மணி 8. அதாவது, இங்கே காலை 8 மணிக்கு முன் நடக்கும் ஒவ்வொன்றும் யூ.டி.சி கணக்கில் நேற்று நடந்தது. மார்ச் 4, திங்கட்கிழமை காலை 6:02-க்கு ஒருவர் விரலை வைத்தால், தரவுத்தளத்தில் பதிவாவது 2024-03-03 22:02. இந்தப் பதிவு சரியானதே. வினவலில் வரும் ‘டேட்’ என்னும் செயற்கூறு நேரப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தருகிறது. மிச்சம் இருப்பது மார்ச் 3, ஞாயிறு. செயற்கூறும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. எந்த ஊரின் நாள் வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை என்பதே பிழை.

இந்தப் பிழை நெடுநாள் பிடிபடாமல் இருப்பதற்குத் தோட்ட வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. பிற்பகல் 1:30-க்கு லோரி எடைமேடையில் ஏறினால் யூ.டி.சி-யில் அதே நாள் காலை 5:30. அந்தத் தேதி பிசகாது. அலுவலகத்தில் உட்கார்ந்து ஒன்பது மணிக்கு மேல் சோதித்துப் பார்க்கும் எவருக்கும் எல்லாம் சரியாகவே தெரியும். விடியலில் வேலைக்கு இறங்குகிறவர்களின் பதிவு மட்டும் முந்தைய நாளில் விழும். மாதத்தின் மொத்த ஆள்கணக்கும் ஏறக்குறைய மாறாது, ஏனென்றால் ஒன்றாம் தேதி பெரட்டு போன மாதத்துக்குப் போனாலும் அடுத்த மாதத்து ஒன்றாம் தேதி இங்கே வந்து நிற்கும். மொத்தத்தை மட்டும் சரிபார்க்கும் தணிக்கை இதைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் சம்பளம் மாறும். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள், பொது விடுமுறை. அன்று வேலைக்கு வந்தவருக்குக் கூடுதல் ஊதியம் சட்டப்படி உண்டு. பிழையான பட்டியலில் 11-ஆம் தேதி வந்தவர் 10-ஆம் தேதியில் நிற்பார், சாதாரணக் கூலிதான் கிடைக்கும். 12-ஆம் தேதி வந்தவர் விடுமுறையில் உழைத்தவராக ஆகிவிடுவார். ஒருவர் உழைப்பு இன்னொருவர் பையில். இதை வெறும் கணினிப் பிரச்சினையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தீர்வு சொல்ல எளிது: வெட்டுவதற்கு முன் மாற்று. நேரத்தை முதலில் கோலாலம்பூர் நேர மண்டலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகே தேதியைப் பிரித்தெடுக்க வேண்டும். செய்யும்போதுதான் புதுப் பள்ளங்கள் தெரியும். மைஎஸ்கியூஎல்லில் நேர மண்டலப் பெயரைக் கொடுத்து மாற்றும் செயற்கூறு உண்டு. ஆனால் நேர மண்டல அட்டவணைகளை யாரும் ஏற்றி வைக்காத சர்வரில் அது பிழைச்செய்தி எதுவும் தராமல் ‘நல்’ என்று வெறுமையைத் திருப்பித் தரும். தேதிப் பத்தி முழுக்கக் காலியாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள். போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு சேமித்த நேரத்தைத் தேதியாக மாற்றினால், இணைப்பு எந்த நேர மண்டலத்தில் இயங்குகிறதோ அந்த மண்டலத்தின் தேதி வரும். அதனால் ஒரே வினவல் அலுவலகக் கணினியில் ஓடினால் திங்கள், இரவில் சர்வரே தானாக ஓட்டினால் ஞாயிறு. “என் கணினியில் சரியாத்தானே வருது” என்று நிரலர் சொல்வது பொய்யல்ல. இன்னொன்று கூட்டல் கழித்தல் குறி. ‘எட்சி/ஜி.எம்.டி+8’ என்ற பெயரைப் பார்த்தால் மலேசியா என்றே தோன்றும். பழைய யூனிக்ஸ் மரபில் அதன் பொருள் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் பின்னால், அமெரிக்க மேற்குக் கரைப் பக்கம். நேரங்கள் எல்லாம் சரியாக 16 மணி நேரம் தள்ளி வந்தால் குறி தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு பழக்கத்தை வலியுறுத்த வேண்டும். தேதி தவறாக வருகிறது என்றதும் செயற்கூறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது பலரின் வழக்கம். ஒரு மணி நேரம் கூட்டுவார்கள், எட்டு மணி நேரம் கழிப்பார்கள், ஏதோ ஒன்று பொருந்தியதும் நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப் பொருத்தியது அடுத்த மாதமே உடையும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எந்த வரிகள் தவறு, எந்த வரிகள் சரி? எல்லா வரியும் தவறா, காலை வரிகள் மட்டுமா, மாதக் கடைசி மட்டுமா, வயதானவர்கள் மட்டுமா? ஒவ்வொரு காரணமும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அந்த அடையாளத்தை வாசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடைசி நாள் காணாமல் போவதைப் பாருங்கள். “மார்ச் 1-க்கும் மார்ச் 31-க்கும் இடையே” என்று ‘பிட்வீன்’ போட்டு எழுதுகிறோம். நேரமும் சேர்ந்த பத்தியில் ‘31’ என்பது 31-ஆம் தேதி 00:00:00 மணி, அதாவது அந்த நாள் தொடங்கும் நொடி. அதற்குப் பின் வந்த லோரி ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். 2024 மார்ச் 31 ஞாயிறு. நம் கற்பனைத் தோட்டத்தில் அன்று லோரி ஓடவில்லை, ஆகவே குறையும் தெரியவில்லை. ஏப்ரல் 30 செவ்வாய். அன்று ஒரு நாள் விளைச்சல் முழுதும் காணாமல் போகும். “போன மாசம் நல்லாத்தான் இருந்தது” என்பது இப்படித்தான் வருகிறது. ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின், மே 1-க்கு முன் என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. சேமிப்பு யூ.டி.சி-யில் இருந்தால் அந்த எல்லைகளையும் மாற்ற வேண்டும்: மலேசியாவின் ஏப்ரல் மாதம் யூ.டி.சி-யில் மார்ச் 31, 16:00 மணிக்குத் தொடங்கி ஏப்ரல் 30, 16:00 மணிக்கு முடிகிறது.

நாளும் மாதமும் இடம் மாறுவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை, அதில் அதிகம் நிற்க வேண்டாம். மலேசியாவில் 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 வந்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைக்கும். பத்தியில் சில தேதிகள் வலம், சில இடம் என்று ஒதுங்கி நின்றால் இதுதான் காரணம். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் வெளியெடுத்தால் இந்த வாசலையே அடைத்துவிடலாம். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இன்னொரு சின்னச் சறுக்கல் உண்டு. நேரத்தை எழுத்தாக்கும் வடிவக் குறியில் இரட்டை ‘எம்’ மாதத்தைக் குறிக்கும், நிமிடத்துக்கு ‘எம்ஐ’. மாற்றிப் போட்டால் ஏப்ரல் மாத எடைச்சீட்டுகளில் 07:04, 11:04, 13:04 என்று எல்லா லோரியும் நான்காம் நிமிடத்திலேயே வந்து நிற்கும். மே மாதம் எல்லாம் ஐந்தாம் நிமிடம்.

லோரி நேரம் அற்ப விஷயமல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் நடப்பட்டது. நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோன்னியே. அன்று முதல் இன்று வரை செம்பனைக்காரர்கள் கடிகாரத்தோடு ஓட வேண்டியிருக்கிறது. வெட்டிய குலையில், அதுவும் அடிபட்ட பழத்தில், கொழுப்பு அமிலம் பிரிந்து கூடிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது பொது விதி. வெட்டிய நேரத்துக்கும் ஆலை எடை நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு வினவல் கணக்கிட்டு வெளியே தருகிறது என்று வையுங்கள். தோட்டத்துக் கருவி உள்ளூர் நேரத்திலும் ஆலைச் சர்வர் யூ.டி.சி-யிலும் எழுதினால், காலை 9 மணிக்கு வெட்டி மதியம் 1 மணிக்கு ஆலை சேர்ந்த குலைக்கு விடை கழித்தல் 4 மணி நேரம். வெட்டுவதற்கு முன்பே ஆலைக்குப் போன குலை! கழித்தல் குறி வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். இருட்டும் நேரத்தில் வெட்டி மறுநாள் மாலை போய்ச் சேர்ந்த குலை 24 மணியைத் தாண்டியிருந்தும் 16 மணி என்று காட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விளைவு எண்ணெயில்தான் தெரியும்.

எந்தச் செயற்கூறாலும் கணக்கிட முடியாத தேதிகளும் உண்டு. கோலசிலாங்கூர் நகரில், கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் பிறை பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது நாட்டின் பல இடங்களில் இப்படிப் பிறை பார்த்த பிறகே இரவில் அறிவிக்கப்படும். 2022-இல் நாள்காட்டிகள் மே 3 என்று அச்சிட்டிருந்தன. மே 1 இரவு வந்த அறிவிப்பு, பெருநாள் மறுநாளே, மே 2 என்றது. ஞாயிறன்று வந்த தொழிலாளர் தினத்துக்கு மாற்றாக மே 4-உம் விடுமுறையானது. முன்கூட்டியே கணக்கிட்டு விடுமுறையை நிரலுக்குள் எழுதி வைத்த எந்த அமைப்பும் அந்த வாரம் தவறியிருக்கும். தீபாவளியும் தைப்பூசமும் அப்படியே சந்திர நாட்களைத் தொடர்ந்து ஆண்டுக்கு ஆண்டு நகர்பவை. இவற்றுக்கு ஒரே வழி, விடுமுறைகளுக்கென்று தனி அட்டவணை வைத்து, அறிவிப்பு வந்ததும் ஒரு மனிதர் அதைத் திருத்துவது. வினவல் அந்த அட்டவணையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். இதைத் தானியங்கியாக்க முயல்வது வீண்.

இனி இந்த அத்தியாயத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் பிழைக்கு வருகிறேன். அது முதியவர்களை மட்டும் தொடும்.

கோலசிலாங்கூர் ஏறக்குறைய 101¼ பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன்படி இவ்வூர் கிரீன்விச்சுக்கு 6 மணி 45 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். சட்டப்படி 8 மணி. சூரியனைவிடக் கடிகாரம் ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுவதால்தான் ஆறு மணிப் பெரட்டு இருட்டில் நடக்கிறது. ஆனால் எப்போதும் 8 மணியாக இருந்ததில்லை. 1905-இல் 7 மணி, 1933-இல் 7 மணி 20 நிமிடம், 1941-இல் 7 மணி 30 நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945-இல் மறுபடி 7 மணி 30 நிமிடம். தீபகற்ப மலேசியாவைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க 1981-இல் சட்டம் வந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரங்கள் 12-க்குத் தாவின. அன்றிரவு 11:45 என்ற நேரம் இந்த மண்ணில் இருக்கவே இல்லை.

இந்த வரலாறு முழுவதும் கணினிகளுக்குள் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கிய நேர மண்டலத் தொகுப்பைத் தன்னார்வலர்கள் இன்றும் பேணுகிறார்கள், கைபேசி முதல் சர்வர் வரை அதையே நம்பி ஓடுகின்றன. அந்தத் தாவல் இரவு 11:30-க்கு நடந்தது என்பது 2022-இல்தான் அதில் திருத்தப்பட்டது. அதற்கு முன் நள்ளிரவு 12-க்கு என்று இருந்தது. ஆகவே பழைய தொகுப்பை வைத்திருக்கும் கணினிக்கு 1982 ஜனவரி 1, 00:00 என்பதே இல்லாத நேரம். அன்று பிறந்தவரின் பதிவு பிழை காட்டும், அல்லது 00:30 என்று மாறி நிற்கும்.

பிறந்த தேதியை நேரத்தோடு சேர்த்து நள்ளிரவு என்று சேமிக்கும் பழக்கம்தான் இதன் வேர். 1961 ஜனவரி 14-இல் பிறந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பதிவு செய்த மென்பொருள் இன்றைய 8 மணி வேறுபாட்டை எல்லாக் காலத்துக்கும் பொருத்தி, அதை 1961-01-13 16:00 யூ.டி.சி என்று எழுதியது. வெளியெடுக்கும் மென்பொருளோ வரலாறு அறிந்தது. 1961-இல் வேறுபாடு ஏழரை மணி என்று அதற்குத் தெரியும், அதனால் ஜனவரி 13 இரவு 11:30 என்று மாற்றும். நேரத்தை வெட்டினால் ஜனவரி 13. ஒரு நாள் குறைந்துவிட்டது. 1982-க்குப் பின் பிறந்த இளையவர்கள் அனைவருக்கும் தேதி சரியாகவே வரும், ஆகவே சோதித்துப் பார்ப்பவர் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுவார். 1964 ஜனவரி 1-இல் பிறந்தவர் 1963 டிசம்பர் 31-க்குப் போவார், ஆண்டே மாறிவிடும்.

வயதைக் கணக்கிடுவதில் இன்னொரு சறுக்கல் இதன் மேல் ஏறி உட்காரும். எஸ்கியூஎல் சர்வரின் ‘டேட்டிஃப்’ செயற்கூறிடம் ஆண்டு வேறுபாடு கேட்டால், அது நிறைந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை, எத்தனை புத்தாண்டுகள் கடந்தன என்றே எண்ணுகிறது. 1964 டிசம்பர் 31-இல் பிறந்தவருக்கு 2024 ஜனவரி 1 அன்று 60 வயது என்று சொல்லும். உண்மையில் 59 வயதும் ஒரு நாளும். 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இந்த ஒரு சொல்லை நம்பி ஓய்வுப் பட்டியல் எடுத்தால் ஒரு மனிதரின் ஏறத்தாழ ஓர் ஆண்டுக் கூலி போய்விடும். 55 வயதில் ஊழியர் சேமநிதியை எடுக்கப் போகிறவரின் பிறந்த தேதி அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்றால், முகப்பில் நிற்பவர் அவர்தான், வினவலை எழுதியவர் அல்ல.

நல்லவேளையாக, இந்நாட்டில் இதைச் சரிபார்க்க ஒரு சாட்சி ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். நாம் பார்த்த தொழிலாளியின் எண் 610114 என்று தொடங்கும். அதை எழுத்தாகவே வைத்து ஒப்பிட வேண்டும், தேதியாக மாற்றப் போகக் கூடாது. ஆண்டு இரண்டு இலக்கம் மட்டுமே என்பதால் மைஎஸ்கியூஎல் 61-ஐ 2061 என்று எடுத்துக்கொள்ளும், எஸ்கியூஎல் சர்வர் இயல்பு அமைப்பில் 1961 என்று கொள்ளும். 48 என்றால் இரண்டுமே 2048 என்று சொல்லும். பிறந்த தேதியிலிருந்து ஆறு இலக்கங்களை உருவாக்கி, அட்டை எண்ணின் முதல் ஆறோடு ஒத்துப்போகாத வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். வினவலில் ஒரே ஒரு வரிதான் கூடும்.

தோட்ட அலுவலகத்திலோ சம்பளப் பிரிவிலோ இந்த வேலையைச் செய்பவர் நீங்களானால், அந்த வரியை இந்த மாதப் பட்டியல் எடுப்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். பிறந்த தேதிப் பத்தி நேரமில்லாத வெறும் தேதி வகையாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு 1982-க்கு முன் பிறந்தவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, அவரவர் அட்டையோடு ஒரு முறை வைத்துப் பாருங்கள்.